அல்லி இலையடியில் 3 மி.மீ. தொப்பி நத்தை: ஆன்சைலஸா, ஃபெரிசியாவா?

தாமரைத்தொட்டி எழுதியது:

அல்லி வளரும் சிமென்ட் தொட்டி. 3 அடி அகலம், தண்ணீர் ஒன்றரை அடி, ஓட்டமே இல்லை. பழுத்து அமிழ்ந்த இலைகளின் அடியிலும் காம்பிலும் தொப்பி மாதிரி குட்டி நத்தைகள் ஒட்டியிருக்கின்றன. சுருள் இல்லை, மூடியும் இல்லை. ஓடு வெளிர்த் தேன் நிறம், உள்ளே உடம்பு தெரியும் அளவுக்கு மெல்லிசு. வரைதாளில் வைத்து ஐந்தை அளந்தேன். பெரியது 3.2 மி.மீ. நீளம், 2 மி.மீ. அகலம், உயரம் 1 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. உச்சி நடுவில் இல்லை. பின்னால் தள்ளி, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது.

இந்தத் தொட்டியின் பாசியைக் கொஞ்சம் எடுத்து 40 லிட்டர் இறால் தொட்டியில் போட்டதில், இப்போது அதன் கண்ணாடியிலும் இருபது முப்பது தெரிகின்றன.

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலியிடம் இலையோடு எடுத்த படத்தைக் கொடுத்தால் "ஆன்சைலஸ் ஃப்ளூவியாட்டிலிஸ்" என்கிறது. இறால் தொட்டியின் கண்ணாடி வழியாக எடுத்த படத்தைக் கொடுத்தால் "அக்ரோலாக்சஸ் லகுஸ்ட்ரிஸ்" என்கிறது. ஒரே இடத்திலிருந்து வந்தவை எப்படி இரண்டு குடும்பமாகும்? சரியான பெயர் என்ன, எதைப் பார்த்து முடிவு செய்வது? இறாலுக்கும் செடிக்கும் கெடுதல் உண்டா? என்னிடம் 100 மடங்கு வரை போகும் சாதாரண நுண்ணோக்கி இருக்கிறது.

---

ஓட்டுக்குள் எழுதியது:

இரண்டு பெயரும் தவறு. நிற்கும் தண்ணீர், 3 மி.மீ., தேன் நிறத் தட்டை ஓடு என்றால் நம் ஊரில் முதலில் நினைக்க வேண்டியது ஃபெரிசியா பேரினம். படம் போடாவிட்டாலும் முக்கால் பங்கு உறுதியாகச் சொல்லலாம். மீதிக் கால் பங்குக்கு நுண்ணோக்கி வேண்டும்.

செயலி ஏன் தடுமாறுகிறது? அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்த படங்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவில் எடுத்தவையாக இருக்கலாம். அங்கே ஆற்றுக் கல்லில் இருக்கும் தொப்பி நத்தை ஆன்சைலஸ் ஃப்ளூவியாட்டிலிஸ். ஓ. எஃப். முல்லர் 1774இல் பெயரிட்டது. 5 முதல் 8 மி.மீ. வரை வளரும். உயரம் நீளத்தில் பாதி அளவுக்கு வரும், உச்சி மழுங்கிய கொக்கி மாதிரி பின்னோக்கி வளைந்திருக்கும். ஓடுகிற, குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த தண்ணீரில் வழுவழுப்பான கல்லைப் பற்றிக்கொண்டு அதன் மேல் படியும் டயாட்டம் என்ற நுண்பாசிகளைச் சுரண்டித் தின்னும். அல்லித் தொட்டியின் வெதுவெதுப்பான சேற்றுத் தண்ணீர் அதற்குச் சரிப்படாது. ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்காசியாவின் சில பகுதிகளோடு அதன் எல்லை முடிகிறது. (பால்டிக் கடல் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் நன்னீர் ஏரியாக இருந்த காலத்துக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயரே "ஆன்சைலஸ் ஏரி". அந்தப் படிவுகளில் இந்த ஓடு கிடைப்பதால் வந்த பெயர். 8 மி.மீ. நத்தைக்கு இது பெரிய மரியாதை.)

அக்ரோலாக்சஸ் லகுஸ்ட்ரிஸ் 1758இலேயே லின்னேயஸ் பெயரிட்டது. அதுவும் ஐரோப்பிய இனந்தான், ஆனால் நிற்கும் தண்ணீரில், அல்லி இலையடியில், நாணல் தண்டில் வாழும். இடத்தை மட்டும் பார்த்தால் உங்கள் நத்தையோடு ஒத்துப்போகும். அதனால்தான் குழப்பம். இரண்டையும் பிரிப்பது உச்சி சாயும் பக்கம்.

பார்க்கும் முறை இது. நத்தையை மேலிருந்து பாருங்கள். தலை உங்களை விட்டு அப்பால் இருக்கட்டும், உச்சி உங்கள் பக்கம் இருக்கட்டும். எது தலை என்று சந்தேகம் வந்தால் நகரவிட்டுப் பாருங்கள். ஓட்டின் முன்விளிம்புக்கு அடியில் இரண்டு உணர்கொம்புகள் நீளும், அவற்றின் அடியில் இரண்டு கரும்புள்ளிக் கண்கள். இந்த நிலையில் உச்சி வலப்பக்கம் சாய்ந்திருந்தால் ஃபெரிசியா அல்லது ஆன்சைலஸ். இடப்பக்கம் சாய்ந்திருந்தால் அக்ரோலாக்சஸ். உடம்புக்குள்ளும் இதே தலைகீழ்தான். ஃபெரிசியா, ஆன்சைலஸ் இரண்டிலும் மலவாய், இனப்பெருக்கத் துளைகள், செவுள் போன்ற மடல் எல்லாம் இடப்பக்கம். அக்ரோலாக்சஸில் வலப்பக்கம்.

இப்போது கண்ணாடிப் படத்துக்கு வருவோம். வெளியிலிருந்து பார்க்கும்போது உங்களுக்குத் தெரிவது நத்தையின் அடிப்பாதம். மல்லாக்கப் படுத்திருப்பவரின் வலக்கையும் குப்புறப் படுத்திருப்பவரின் வலக்கையும் உங்களுக்கு எதிரெதிர்ப் பக்கத்தில் தெரிவது போலத்தான். ஓடு மெல்லிசு என்பதால் உச்சி நிழலாகத் தெரியும், ஆனால் இடப்பக்கம் தெரியும். செயலி அதை அக்ரோலாக்சஸ் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரே நத்தையின் முதுகையும் வயிற்றையும் இரண்டு குடும்பமாக்கிவிட்டது, அவ்வளவுதான்.

---

கூழாங்கல் எழுதியது:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கூட்டு நுண்ணோக்கியில் படம் தலைகீழாகத் தெரியுமே, அப்போது இடம் வலம் மாறிவிடாதா என்று அடுத்த கேள்வி வரும். மாறாது. அது படத்தை 180 பாகை சுழற்றுகிறது. தலையை மேலே வைத்துப் பார்த்தால் வலம் வலமாகவே இருக்கும். மாற்றிவிடுவது கண்ணாடிப் பிம்பம். கைபேசியின் முன்புறக் கேமராவில் எடுத்த படம், சில செயலிகள் தானாகத் திருப்பிச் சேமிக்கும் படம், கண்ணாடிச் சில்லின் அடியிலிருந்து பார்ப்பது, இவை மூன்றும்தான் ஆளைக் கவிழ்ப்பவை. ஒரு எளிய சோதனை: நத்தைக்குப் பக்கத்தில் "க" என்று பென்சிலில் எழுதிய துண்டுத்தாளை வைத்துச் சேர்த்துப் படமெடுங்கள். எழுத்து நேராக வாசிக்க வந்தால் படமும் நேர்.

ஓடைப்பக்கம் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கை. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் கல்லைப் புரட்டினால் தட்டையாக, வட்டமாக, காசு மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். அது நத்தையே அல்ல, செஃபெனிடே குடும்ப வண்டின் புழு. பேனாக்கத்தி முனையால் திருப்பிப் பாருங்கள், ஆறு கால் தெரியும், மேலே வளைய வளையமாகக் கண்டங்கள் தெரியும். தொப்பி நத்தைக்கு ஓட்டில் கண்டம் கிடையாது, வளர்ச்சிக் கோடுகள் மட்டுமே.

மற்றது செப்டேரியா. இது நெரைட் நத்தைகளின் குடும்பம். தடித்த ஓடு, மேலே கோடோ வலையோ போட்ட வண்ணம், 1 செ.மீ.க்கு மேல் சாதாரணமாக வளரும். ஓட்டைத் திருப்பினால் பின்பக்கம் ஒரு வெள்ளைத் தட்டு நிற்கும். அதன் இளம்புழுக்கள் கடலுக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் கடலில் சேரும் ஓடைகளிலும் கழிமுகத்தை அடுத்தும்தான் கிடைக்கும். வீட்டுத் தொட்டியில் தானாக வராது.

---

இறால்வாளி எழுதியது:

இறால் தொட்டி பக்கம் நான் சொல்றேன்.

முதல்ல, கண்ணாடியில இருக்கிறது எல்லாமே தொப்பி நத்தைதானான்னு பாருங்க. நெரைட் நத்தை வளர்த்தீங்கன்னா அது போடுற முட்டை உறை வெள்ளை எள்ளு மாதிரி, கெட்டியா, சுரண்டினாலும் லேசில வராது, நகரவே நகராது. அட்டையோட முட்டைக்கூடு பழுப்பா, நீள்வட்டமா, தோல் மாதிரி ஒட்டியிருக்கும், அதுவும் நகராது. தொப்பி நத்தை நகரும், ஆனா ரொம்ப மெதுவா. மார்க்கர்ல கண்ணாடிக்கு வெளியே ஒரு வட்டம் போட்டுட்டு ராத்திரி கழிச்சுப் பாருங்க, வட்டத்தைத் தாண்டியிருக்கும்.

இறாலுக்குக் கெடுதல் இல்லை. கண்ணாடியிலயும் இலையிலயும் படியிற வழுவழுப்பு, டயாட்டம், பாசிப்படலம், இதுதான் சாப்பாடு. உயிரோட இருக்கிற இலையைக் கடிக்காது. பழுத்த இலையில பார்த்துட்டு நத்தைதான் இலையை அழுக வெச்சுதுன்னு சொல்றாங்க. இலை அழுகினதாலதான் அது வந்துச்சு.

திடீர்னு எண்ணிக்கை கூடுதுன்னா சாப்பாடு கூடுதுன்னு அர்த்தம். இறாலுக்குப் போடுற தீனி ரெண்டு மணி நேரத்துல தீரலைன்னா அளவு பாதியாக்குங்க. விளக்கு 10 மணி நேரம் எரிஞ்சா 6 அல்லது 7க்குக் கொண்டு வாங்க. வாரம் ஒருமுறை பழைய பிளாஸ்டிக் அட்டையை, ஏ.டி.எம். கார்டு மாதிரி, கண்ணாடியோட சாய்ச்சு இழுத்து, உதிர்றதைச் சைஃபன் குழாயில உறிஞ்சி எடுங்க. அப்படியே விட்டா திரும்ப ஒட்டிக்கும். நாலஞ்சு வாரத்துல கணிசமாக் குறையும். முழுசா ஒழியாது, ஒழிக்கணும்னு அவசியமும் இல்லை.

செய்யக்கூடாதது: செம்பு கலந்த நத்தை மருந்து. நத்தை சாகும், இறாலும் சேர்ந்து சாகும். மணல்லயும் சிலிக்கான் இணைப்புலயும் செம்பு தங்கிட்டா அந்தத் தொட்டியில அப்புறம் இறால் வெக்கிறதே சிரமம். பிளானேரியாங்கிற தட்டைப்புழுவுக்குன்னு விக்கிற பொடிகள்ல சிலது பாக்குலேர்ந்து எடுத்தது. இறால் தாங்கும், ஆனா நெரைட் நத்தை தாங்காது. தொப்பி நத்தைக்காக அதைக் கொட்டாதீங்க.

புதுசாப் பாசி, செடி போடுறப்ப வாளியில தனியா வெச்சுப் பாருங்க. தடித்த இலைச் செடின்னா 5 சதவீத ப்ளீச் 1 பங்கு, தண்ணி 19 பங்கு கலந்து 2 நிமிஷம் முக்கலாம். உடனே நல்லா அலசி, குளோரின் முறிக்கிற மருந்து ரெண்டு மடங்கு போட்ட தண்ணியில 10 நிமிஷம் வெக்கணும். பாசி, வாலிஸ்நேரியா, மெல்லிய இலைச் செடிக்கு இது வேண்டாம், வெந்துடும். ப்ளீச்சுக்கு நத்தை சாகும், ஆனா முட்டை உறைக்குள்ள இருக்கிறது தப்பிச்சிடலாம். அதனால முக்கினதுக்கு அப்புறமும் இரண்டு மூணு வாரம் வாளியிலயே வெச்சு, பொரிஞ்சு வர்றதைப் பார்த்து எடுத்துட்டு அப்புறம் தொட்டிக்கு மாத்துங்க.

---

தாமரைத்தொட்டி எழுதியது:

நன்றி. "க" எழுதிய துண்டோடு எடுத்துப் பார்த்தேன். இலையிலிருந்து எடுத்த ஐந்திலும் உச்சி வலப்பக்கமே. கண்ணாடியில் இருந்ததை எடுத்து நேராக வைத்தால் அதுவும் வலம்.

இனி நுண்ணோக்கியில் என்ன பார்க்க வேண்டும்? 100 மடங்கில் ஓடு முழுக்கப் பச்சைக் குப்பையாகத் தெரிகிறது. இடுக்கியால் பிடித்ததில் இரண்டு ஓடு நொறுங்கியும் போயிற்று.

---

ஈரத்தாள் எழுதியது:

நொறுங்கத்தான் செய்யும், விளிம்பு நகத்தின் ஓரத்தைவிட மெல்லிசு. இடுக்கியால் மேலிருந்து பிடித்து இழுக்காதீர்கள். அது பாதத்தை இறுக்கும், நீங்கள் இழுப்பீர்கள், ஓடு இரண்டுக்கும் நடுவில் உடையும். ஈரமான மெல்லிய தூரிகையை (00 எண்) பக்கவாட்டில் பாதத்துக்கு அடியில் நுழைத்துத் தள்ளினால் தூரிகையிலேயே ஒட்டிக்கொண்டு வரும். இன்னும் எளிது, ஒட்டியிருக்கும் இலைத்துண்டோடு கத்தரித்து எடுத்துவிடுவது.

ஓட்டை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் கொதி தணிந்த வெந்நீரில் 20, 30 விநாடி போட்டு எடுங்கள். உடம்பு சுருங்கித் தசைப்பிடி விடும். குண்டூசியை வளைத்து, பாதத்தின் ஓரத்தில் கொடுத்துத் தூக்கினால் மொத்தமாக வந்துவிடும். மிச்சம் ஒட்டியிருந்தால் வீட்டு ப்ளீச் 1 பங்கும் தண்ணீர் 10 பங்கும் கலந்து 3 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். அதிக நேரம் விட்டால் ஓட்டின் மேல்தோல் உரிந்துவிடும். நாம் பார்க்க வேண்டிய வரிகளில் பாதி அதோடு போய்விடும். பச்சைக் குப்பை போகத் தண்ணீரில் நனைத்த தூரிகையால் உச்சியிலிருந்து விளிம்பு நோக்கித் தட்டித் தட்டித் துடையுங்கள், தேய்க்காதீர்கள்.

அடுத்தது பலரும் கோட்டை விடும் இடம்: ஓட்டை உலரவிட வேண்டும். ஈரமாக இருந்தால் தண்ணீர்ப் படலம் வரிகளுக்குள் நிரம்பி, ஓடு வழவழப்பாகத் தெரியும். 15 நிமிடம் உலர்ந்த பிறகு, கருப்புத் தாளின் மேல் களிமண் உருண்டை வைத்து, உச்சி மேலே இருக்கும்படி அதில் நிறுத்துங்கள். நுண்ணோக்கியின் அடி விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து, கிட்டத்தட்டக் கிடைமட்டமாக அடியுங்கள். 40 மடங்கில் தேடி, 100இல் உறுதி செய்யுங்கள். உச்சியின் நுனியில் ஊசி குத்தினாற்போல் சின்னப் பள்ளம், அதைச் சுற்றிக் குடைக்கம்பிகள் மாதிரி மெல்லிய ஆரவரிகள். இதுதான் ஃபெரிசியாவின் கையெழுத்து. வட அமெரிக்காவில் உருவத்தில் ஒத்துப்போகும் லீவாபெக்ஸ் பேரினத்துக்கு உச்சி வழவழப்பு. பெயரின் பொருளே "வழவழ உச்சி".

முதிர்ந்த ஓட்டில் உச்சி தேய்ந்து வரிகள் இல்லாமல் போகும். ஆகவே 3 மி.மீ. ஓட்டில் தெரியவில்லை என்றால் 1 அல்லது 1.5 மி.மீ. குஞ்சில் பாருங்கள். எதிர்மறையாக முடிவு சொல்லும் முன் குறைந்தது ஐந்து குஞ்சாவது பார்க்க வேண்டும்.

முட்டையையும் கவனியுங்கள். ஃபெரிசியாவின் உறை கண்ணாடி வில்லை மாதிரி, சுமார் 1 மி.மீ., பெரும்பாலும் உள்ளே ஒரே முட்டை. ஆன்சைலஸின் உறையில் பல முட்டைகள் இருக்கும். ஜெல்லிக் குழாயில் வரிசையாக இருபது முப்பது என்றால் அது பைசெல்லா என்ற சுருள் நத்தையுடையது.

---

தாமரைத்தொட்டி எழுதியது:

வரிகள் தெரிந்தன! பக்கவாட்டு ஒளியில்தான் தெரிந்தன, நேர் ஒளியில் சுத்தமாக இல்லை. ஆறு குஞ்சில் ஐந்தில் தெளிவு.

ஆனால் புதுக் குழப்பம். தொட்டியின் மேல்விளிம்பில், தண்ணீர் வற்றிய கோட்டுக்கு மேலே, காய்ந்த இலைச்சருகில் ஒட்டியிருந்த இரண்டு ஓடுகளைத் திருப்பினால் வாயின் பின்பாதியை ஒரு வெள்ளைத் தட்டு மூடியிருக்கிறது. கூழாங்கல் சொன்ன செப்டேரியா அடையாளம் இதுதானே? இன்னொன்றில் சின்னத் தொப்பியின் மேல் பெரிய தொப்பியைக் கவிழ்த்தாற்போல் ஒரு படி இருக்கிறது. எல்லாம் 2 மி.மீ.க்குள்தான்.

---

ஓட்டுக்குள் எழுதியது:

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். அது செப்டேரியா அல்ல. ஃபெரிசியாவே தண்ணீர் வற்றும்போது போட்டுக்கொள்ளும் தடுப்பு. வாயின் பின்பக்கத்தைக் கிடைமட்டத் தட்டால் அடைத்து, முன்பக்கம் சிறு திறப்பு மட்டும் வைத்துக்கொண்டு, ஈரம் போகாமல் உள்ளே ஒடுங்கிவிடும். மீண்டும் தண்ணீர் வந்தால் வளர்ச்சி தொடரும். புது ஓடு பழைய திறப்பின் விளிம்பிலிருந்து அகலமாக விரியும். அதனால்தான் ஒரு படி தெரிகிறது. நீங்கள் பார்த்த மூன்றாவது ஓடு ஒரு வறட்சியைக் கடந்து வந்த ஆள்.

ஒரு காலத்தில் இப்படித் தட்டு போட்ட ஓடுகளைத் தனி விலங்கு என்று நினைத்து கண்ட்லாக்கியா என்ற பேரினத்தில் சேர்த்தவர்கள் உண்டு. எல்லா ஓடும் தட்டு போடுவதில்லை. ஒரே தொட்டியில் சில போடும், சில போடாது. கோடையில் வற்றும் நம் ஏரி குளங்களில் இது பிழைக்க இது ஒரு வழி. இன்னொரு வழி இடம்பெயர்தல். நீர் வண்டுகளின் இறக்கை உறையில் தொப்பி நத்தைகள் ஒட்டியிருந்ததற்குப் பதிவுகள் உண்டு. தவிர ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமானது. தன்னந்தனியாகவே முட்டையிட முடியும். சிலவற்றுக்கு ஆணுறுப்பே வளர்வதில்லை, அப்படியும் இனம் பெருகுகிறது. உங்கள் இறால் தொட்டிக்குப் பாசியோடு போனது ஒன்றே ஒன்றாக இருந்தாலும் முப்பது ஆகியிருக்கும்.

இனி வகைப்பாடு. பழைய நூல்களில் ஆன்சைலிடே என்று தனிக் குடும்பம் இருக்கும். இப்போது அது பிளானோர்பிடேக்குள் ஆன்சைலினே என்ற துணைக்குடும்பம். அதாவது உங்கள் தொப்பி நத்தைக்கு நெருங்கிய சொந்தம், பிளானோர்பிடே குடும்பத்தின் தட்டைச் சுருள் நத்தைகள். கடற்பாறையில் ஒட்டும் தொப்பி நத்தைகளோ வெகு தூரத்து உறவுதான். வயிற்றுக்காலிகளில் (நத்தைகளின் பெரும் வகுப்பு) தொப்பி உருவம் பல கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. அக்ரோலாக்சஸும் அப்படித்தான். நன்னீர் என்றாலும் அதற்கு அக்ரோலாக்சிடே என்று வேறு குடும்பம். உருவத்தை வைத்து உறவு சொல்ல முடியாது.

குளத்து நத்தைகள் பல மூச்சுக்கு மேலே வரும், பார்த்திருப்பீர்கள். இது வராது. நுரையீரல் அறை ஒடுங்கிப்போய், இடப்பக்கத்து மடலும் தோலும் தண்ணீரிலிருந்தே பிராணவாயுவை எடுக்கின்றன. இலையடியிலேயே ஆயுள் முழுக்க இருக்க முடிவது இதனால்தான்.

---

தாமரைத்தொட்டி எழுதியது:

அப்படியானால் இனம்? இந்திய நூல்களில் ஃபெரிசியா வெருக்கா, ஃபெரிசியா டெனுயிஸ், ஃபெரிசியா பேக்கோனி என்று மூன்று பெயர் பார்க்கிறேன். நீள அகல விகிதத்தைப் பார்த்தால் என்னுடையது டெனுயிஸ் பக்கம் வருகிறது.

---

ஓட்டுக்குள் எழுதியது:

விகிதத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இதில்தான் நூறு ஆண்டு அவஸ்தை.

தொப்பி நத்தை ஒட்டியிருக்கும் பரப்பே அதன் உருவத்தைத் தீர்மானிக்கிறது. அகல இலையில் வளர்ந்தது வட்டமாக இருக்கும். மெல்லிய நாணல் தண்டில் வளர்ந்தது பக்கவாட்டில் ஒடுங்கி நீளமாகும். உங்கள் தொட்டியிலேயே இலையடியில் பத்து, காம்பில் பத்து எடுத்து அகலத்தை நீளத்தால் வகுத்துப் பாருங்கள். இரண்டு "இனம்" கிடைத்துவிடும்.

ஆய்வாளர் வால்டரும் கூட்டாளிகளும் 2010இல் வட அமெரிக்க ஃபெரிசியாவை டி.என்.ஏ. கொண்டு மறுபடி பார்த்தபோது, அங்கே வழங்கிய பல பெயர்கள் இரண்டே இனமாகச் சுருங்கின. ஓடும் தண்ணீருக்கு ரிவுலாரிஸ், பெரும்பாலும் நிற்கும் தண்ணீருக்கு ஃப்ராஜிலிஸ். அதற்கு முன் 2006இல் இதே குழு இன்னொன்றைக் காட்டியது. இத்தாலியின் மெர்கோட்சோ ஏரியிலிருந்து 1960இல் மிரொல்லி விவரித்த வவுத்தியேரி உட்பட, ஐரோப்பாவின் சொந்த இனம் என்று நினைத்திருந்த ஃபெரிசியா, அமெரிக்காவிலிருந்து சத்தமில்லாமல் வந்து பரவிய அதே ஃப்ராஜிலிஸ்தான். அந்தப் பெயரும் இப்போது மாறிவிட்டது. 1863இல் வெளியான இரண்டு பெயர்களில் கலிஃபோர்னிகா முந்தியது என்பதால் இன்று ஃபெரிசியா கலிஃபோர்னிகா என்றே எழுதுகிறார்கள். மீன் தொட்டிச் செடிகளோடு பயணிக்கும் ஆள் இது.

ஆகவே உங்கள் தொட்டியில் இரண்டு சாத்தியம். ஒன்று, பென்சன் 1855இல் பெயர் வைத்த வெருக்கா போன்ற இந்திய இனம். (வெருக்கா என்றால் இலத்தீனில் மரு. இலையில் மரு மாதிரி ஒட்டியிருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.) மற்றது, அல்லிக் கிழங்கோடு கடையிலிருந்து வந்த கலிஃபோர்னிகா. ஓட்டைப் பார்த்து இவற்றைப் பிரிக்க முயலுவதே வீண். 1989இல் இந்திய விலங்கியல் ஆய்வகம் வெளியிட்ட சுப்பா ராவின் நன்னீர் மெல்லுடலிக் கையேடு ஓட்டு விளக்கத்துக்கு நல்ல துணை. ஆனால் அது டி.என்.ஏ. காலத்துக்கு முந்தியது. அதை வைத்து "ஃபெரிசியா, இனம் உறுதியாகவில்லை" என்ற வரைக்கும் போய் நில்லுங்கள். அவ்வளவு எழுதினாலே ஆன்சைலஸ் என்று எழுதுவதைவிட ஆயிரம் மடங்கு உபயோகம்.

---

நீர்முள்ளி எழுதியது:

இடையில் ஒரு சந்தேகம். டெனுயிஸ் மனிதருக்கு நோய் பரப்பும் என்று எங்கோ படித்தேன். தொட்டியில் கை விடலாமா?

---

கூழாங்கல் எழுதியது:

விடலாம். நீங்கள் படித்தது மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்துக் கிம்வி கிராமத்தைப் பற்றியது. 1952இல் காட்கிலும் ஷாவும் அங்கே சிறுநீர்ப்பாதை சிஸ்டோசோமியாசிஸ் (நத்தையில் வளர்ந்து மனிதருக்கு வரும் புழு நோய்) இருப்பதாக அறிவித்து, பிறகு அந்தப் புழு வளரும் இடைநிலை ஓம்புயிராக ஃபெரிசியா டெனுயிஸைக் காட்டினார்கள். ஆப்பிரிக்காவில் அந்தப் புழு புலினஸ் என்ற வேறு நத்தையில்தான் வளர்கிறது என்பதால் பின்னால் வந்த பலர் இதைச் சந்தேகித்தார்கள். எப்படியிருந்தாலும், புழு உள்ளவரின் சிறுநீர் அந்தத் தண்ணீரில் சேராமல் சுற்று முழுமையாகாது. வீட்டு அல்லித் தொட்டிக்கு இது பொருந்தாது.

நம் பக்கம் கவனிக்க வேண்டியது இண்டோபிளானோர்பிஸ் என்ற தட்டைச் சுருள் நத்தை. மாட்டுக்கு மூக்கில் கட்டி வந்து குறட்டை விடுமே, அந்த நோயின் புழு வளர்வது அதில். மாடு இறங்கும் குளத்தில் நின்றால் காலில் அரிப்பு வருவதற்கும் இந்த வகைப் புழுக்கள் காரணமாகலாம். தொப்பி நத்தையை விட்டுவிடுங்கள்.

---

ஈரத்தாள் எழுதியது:

டி.என்.ஏ. வரை போக எண்ணம் இருந்தால் இப்போதே சரியாக எடுத்து வையுங்கள். பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

இலையடியிலிருந்து ஐந்து, காம்பிலிருந்து ஐந்து, இறால் தொட்டியிலிருந்து ஐந்து, மூன்று தனிக் குப்பி. முதலில் ஒவ்வொன்றையும் உயிரோடு, அளவுகோலும் "க" துண்டும் பக்கத்தில் வைத்து, மேலிருந்து ஒன்று பக்கவாட்டில் ஒன்று எனப் படமெடுங்கள். 3 மி.மீ. உயிரில் டி.என்.ஏ. எடுக்க முழு உடம்பும் தேவைப்படும், அதன் பிறகு காட்ட ஓடும் படமும்தான் மிஞ்சும்.

டி.என்.ஏ.வுக்கு 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனால். நத்தையின் அளவுக்குக் குறைந்தது 10 மடங்கு திரவம். 24 மணி நேரம் கழித்து அதை ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள், உடம்பில் இருக்கும் தண்ணீர் முதல் ஊற்றை நீர்க்கவைத்துவிடும். பிறகு குளிர்பெட்டி. உடம்பின் அமைப்பைப் பார்க்க வைப்பவை வேறு. அவற்றை மூடிய கிண்ணத்தில் கொஞ்சம் மென்தால் தூவி இரவு முழுக்க வையுங்கள், தொட்டாலும் சுருங்காத நிலை வந்ததும் 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். நேராகச் சாராயத்தில் போட்டால் சுருண்டுவிடும், இடப்பக்கத்து மடல் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். ஃபார்மலின் எதற்கும் வேண்டாம். டி.என்.ஏ. கெடும், நாளாக ஆக அமிலமாகி ஓட்டையும் கரைக்கும்.

ஆய்வகத்தில் கேட்க வேண்டியது, இனம் பிரிக்க உதவும் சி.ஓ.ஐ. மரபணுவின் 658 கார இணைத் துண்டு. முடிந்தால் 16எஸ் என்ற மரபணுவின் துண்டும். நத்தைச் சளியில் உள்ள சர்க்கரைப் பொருள் டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். வேலையைக் கெடுக்கும், அதனால் சி.டி.ஏ.பி. என்ற வேதிப்பொருள் கொண்டு பிரித்தெடுக்கச் சொல்லுங்கள். முதல் முறை பட்டை வரவில்லை என்றால் டி.என்.ஏ. கரைசலைப் 10 மடங்கு நீர்க்கவைத்து மறுபடி ஓட்டச் சொல்லுங்கள், பெரும்பாலும் வந்துவிடும்.

சீட்டு குப்பிக்கு வெளியே ஒட்டினால் போதாது. உள்ளே போட வேண்டும், பென்சிலில் எழுத வேண்டும். பேனா மை எத்தனாலில் கரைந்து நத்தைக்கு நீலச் சாயம் ஏற்றும். இடம், அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, ஒட்டியிருந்த பரப்பு, தண்ணீரின் ஆழம், வெப்பநிலை, எடுத்தவர். அல்லிக் கிழங்கு எங்கே, எப்போது வாங்கியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முடிவு கலிஃபோர்னிகா என்று வந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி அதுதான்.

---

தாமரைத்தொட்டி எழுதியது:

மூன்று குப்பியும் தயார். இலை ஐந்தின் சராசரி அகலம் நீளத்தில் 0.68, காம்பு ஐந்தினது 0.55. ஓட்டுக்குள் சொன்ன இரண்டு "இனமும்" என் தொட்டியிலேயே கிடைத்துவிட்டன. சீட்டில் "ஃபெரிசியா, இனம் உறுதியாகவில்லை" என்றே எழுதியிருக்கிறேன். கிழங்கு வாங்கிய ரசீதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.